தோள்பட்டை மாதம்

கலைமாறனின் வலது கை மணிக்கு நூற்று முப்பத்தெட்டு கிலோமீற்றர் வேகத்தில் பந்தெறியும். இது ஐந்து நாடுகளின் பேஸ்போல் மைதானங்களில் கருவி வைத்து அளந்து பார்த்த விஷயம். அதே வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. இது பிரெஞ்சு அரசாங்கத்தின் அகதி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கீழே கையெழுத்தும் வைத்த விஷயம். பத்து வருடங்களாக அந்த மனிதன் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டான்.

எழுதிக் கொடுத்தவர் வாமதேவன். 2010ஆம் ஆண்டு முடிவில் அவர் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில், ஒரு புடவைக் கடையின் பின்னறையில் மேசை போட்டிருந்தார். 'கேஸ் எழுதுகிற வாமதேவன்' என்றால் மெட்ரோவில் இருந்து இறங்குகிற யாரும் வழி காட்டுவார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். பிரெஞ்சு அழகாக எழுதுவார் என்று பேர். புதிதாக வந்து இறங்குகிறவர்களின் கதையைக் கேட்டு, அதை அகதி விண்ணப்பமாக எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கேட்டு என்று சொன்னது மரியாதைக்காக. பெரும்பாலும் அவர் கேட்பதில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதைக்குக் கார்த் கிடைத்ததோ, அதாவது வதிவிட அட்டை கிடைத்ததோ, அந்தக் கதையை அடுத்து வருகிறவர்கள் எல்லோருடைய தலையிலும் கட்டிவிடுவார். கால் நகத்தைப் பிடுங்கினார்கள் என்று ஒருவர் சொல்லி அவருக்குக் கார்த் வந்தால், பிறகு வருகிற பத்துப் பேருக்கும் கால் நகம் போய்விடும். அந்த வருடம் ஒக்டோபரில் எல்லோரும் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கினார்கள். கலைமாறன் அவரிடம் போன டிசம்பர், தோள்பட்டை மாதம். அதற்கு முதல் மாதம்தான் உண்மையாகவே தோள் முறிந்த ஒரு மட்டக்களப்புக்காரருக்குக் கார்த் வந்திருந்தது.

கலைமாறனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வன்னியில் இருந்து, போர் முடிந்து, முகாமில் எட்டு மாதம் இருந்து, ஏஜென்சிக்காரன் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பப் பாரிஸ் வந்து சேர்ந்தவன். வாமதேவனுக்கு முன்னால் உட்கார்ந்து, தம்பி கரிகாலனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். கரிகாலனுக்குப் பதினொரு வயது, காலில் ஷெல் துண்டு பட்டது என்று சொன்னதுமே வாமதேவன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐசே, நிப்பாட்டும். தம்பி செத்தது, பங்கருக்குள்ளை கிடந்தது, முகாமிலை இருந்தது, இதெல்லாம் எல்லாரும் சொல்லுறது. வெள்ளைக்காரன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இருக்கிறான். உமக்கெண்டு ஒண்டு வேணும்."

"எனக்கு நடந்தது இதுதானே அண்ணை."

"நடந்ததை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? எந்தக் கையாலை எழுதிறனீர்?"

"வலது."

"அப்ப வலது."

அவ்வளவுதான் விசாரணை. முகாமில் ஆமிக்காரன் துவக்குப் பிடியால் அடித்ததில் வலது தோள் உடைந்தது, இன்றுவரை அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது என்று ஒரு பந்தி எழுதி, தமிழில் வாசித்தும் காட்டினார். கரிகாலன் அதில் அரை வரியாகச் சுருங்கியிருந்தான். "இன்டர்வியூவிலை கையை மடியிலை வைச்சிரும். தண்ணி தந்தாலும் இடக்கையாலை வாங்கும்," என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் நேர்முகம் நடந்தது. ஒரு பெண் அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள் என்பதைத் தவிரக் கலைமாறனுக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டார்கள், ஏதோ சொன்னான், வெளியே வரும்போது சட்டை முழுக்க வியர்வை. கையை மடியில்தான் வைத்திருந்தோம் என்று நம்பினான். ஒக்டோபரில் பத்து வருடக் கார்த் வந்தது.

"பாத்தீரா?" என்றார் வாமதேவன். "தோள் வேலை செய்யுது."

கலைமாறன் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னான். வலது கையால்தான்.

கார்த் கிடைத்ததும் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. அங்கே சமையல்காரனாக இருந்தவன் ழான்-லூக். நாற்பது வயது தாண்டிய, சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள். 2012 வசந்தத்தில் ஒரு நாள், உணவகத்தின் பின்முற்றத்தில் இரண்டு பேரும் வெங்காய மூட்டையைப் பிரித்து அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தூரத்துச் சுவரோரமாக ஒரு கொழுத்த எலி ஓடியது. கலைமாறன் யோசிக்கவே இல்லை. கையில் இருந்த வெங்காயத்தை விட்டான். எலி அந்த இடத்திலேயே சுருண்டது.

ஊரில் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவன். எல்லேயில் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவார்கள். ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து விழுத்த வேண்டும். கலைமாறன் எறிந்தால் விலகினவன் கிடையாது. இதெல்லாம் ழான்-லூக்குக்குத் தெரியாது. அவன் முற்றத்தைக் காலடியால் அளந்தான். இருபத்திரண்டு அடி என்று நினைத்துவிடாதீர்கள், இருபத்திரண்டு மீற்றர்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய்?" என்று கேட்டான்.

ழான்-லூக் வடக்குப் புறநகரில் ஒரு பேஸ்போல் கழகத்துக்குப் பயிற்சியாளன். பிரான்சில் பேஸ்போல் என்று ஒன்று இருப்பது பிரெஞ்சுக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஆடுகிறவர்களின் மனைவிமார், அவர்களும் கையில் புத்தகத்தோடு வருவார்கள். இருந்தாலும் மைதானம் மைதானம்தான். நடுவில் ஒரு சின்ன மண்மேடு. அதில் ஏறி நின்று, பதினெட்டரை மீற்றர் தள்ளி நிற்கிற மட்டைக்காரன் அடிக்க முடியாதபடி எறிய வேண்டும். அவனுக்குப் பின்னால் தடித்த கையுறையோடு ஒருவன் குந்தியிருந்து பிடிப்பான். அந்தக் கழகத்தில் பிடிக்கிறவன் யோன் என்ற நெடிய பொடியன். முதல் நாள் கலைமாறன் எறிந்த இருபதாவது பந்தோடு யோன் கையுறையைக் கழற்றி, சிவந்து வீங்கிய உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

கலைமாறன் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்று சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அப்படி இருந்த நாள்கள் அதிகம் இல்லை. தான் குடியிருந்த சார்செலுக்குத் திரும்புகிற ரெயினில் நின்றுகொண்டே சிரித்தான். பாரிஸுக்கு வந்து ஒன்றரை வருடத்தில், அவனிடம் இருக்கிற ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தது அன்றைக்குத்தான். விளையாட்டுச் சட்டையின் முதுகில் கழகம் அவன் பெயரை அடித்துக் கொடுத்திருந்தது. இங்கே அப்பாவின் பெயரைத்தானே குடும்பப் பெயராக எழுதுகிறார்கள், அதனால் தம்பிராசா என்று இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் உள்ளூர்ப் பத்திரிகையின் படம் பிடிக்கிறவர் வந்தார். மேட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கை தலைக்கு மேலே உயர்ந்திருக்கிற அந்தக் கணத்துக்காகக் கமெராவை நீட்டினார். கலைமாறனுக்கு அப்போதுதான் வாமதேவன் எழுதிய அந்தப் பந்தி ஞாபகம் வந்தது. பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடி, ஆட்டம் முடியும்வரை வெளியே வரவில்லை. மறுநாள் வாமதேவனிடம் ஓடினான்.

"அண்ணை, பந்தெறியிற மாதிரிப் படம் பேப்பரிலை வந்தால் என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? பொய் சொல்லி எடுத்ததெண்டு கார்த்தைப் பறிச்சு, பிளேனிலை ஏத்தி விடுவாங்கள். உமக்கேன் ஐசே இந்தத் தேவையில்லாத வேலை?"

தேவையில்லாத வேலையை விட்டுவிடக் கலைமாறனுக்கு மனம் வரவில்லை. அதனால் ழான்-லூக்கிடம் ஒரு பொய் சொன்னான். தன்னுடைய சமயத்தில் படம் எடுக்கக்கூடாது என்றான். ழான்-லூக் அதை மிகுந்த மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, கமெராவோடு வருகிறவர்களைத் தானே துரத்தினான். ஓகஸ்ட் கடைசியில் லா சப்பலில் பிள்ளையார் தேர் வந்தபோது குடும்பத்தோடு பார்க்கவும் வந்தான். அங்கே ஆயிரம் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, நடுத்தெருவில் கலைமாறன் தேங்காய்க்கு மேல் தேங்காயாக அடித்துக்கொண்டு நின்றான். ழான்-லூக் எல்லாவற்றையும் பார்த்தான். அதற்குப் பிறகும் கமெராக்காரர்களைத் துரத்தினான். அந்த நல்ல மனிதனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது கலைமாறனின் மடைத்தனம்.

2014இல் கலைமாறனுக்குக் கலியாணம் நடந்தது. வசந்தரூபி பன்னிரண்டு வயதில் பிரான்சுக்கு வந்தவள், ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் ஒரு பல் வைத்தியரிடம் அலுவலக வேலை. பிரெஞ்சில் வாசிக்க எழுத வீட்டில் அவள்தான். புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாட்டு என்பதை அவள் பெரிதாக எடுக்கவில்லை, வேறு பழக்கம் இல்லாதவரைக்கும் சரி என்று விட்டுவிட்டாள். கார்த் எப்படி எடுத்தது என்று ஒரு நாள் கேட்டாள். தோள்பட்டைப் பொய்யை மட்டும் சொன்னான். கரிகாலன் என்று ஒரு தம்பி இருந்து போரில் செத்துப்போனான் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கழகம் மேலே வந்தது. 2015இல் ஐரோப்பியக் கழகங்களின் போட்டிக்குப் பெல்ஜியம் போனார்கள். கலைமாறனிடம் அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் பத்திரம் இருந்தது. இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அடித்திருக்கும். பெல்ஜியத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் செக் நாட்டில், பிராக் நகரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில், நெதர்லாந்துக் கழகம் ஒன்றோடு ஆட்டம். அதுதான் அவன் வாழ்க்கையின் நல்ல ஆட்டம். எட்டு இன்னிங்ஸ் எறிந்தான். அந்த நெடிய டச்சுக்காரர்களில் இரண்டே பேர்தான் பந்தை ஒழுங்காகத் தொட்டார்கள். கணக்கு இரண்டு பக்கமும் சைபர். ஒன்பதாவதில் மூன்றாம் கட்டையில் டச்சுக்காரன் ஒருவன் நிற்க, ஆட்டமிழக்க இன்னும் ஒருவனே மிச்சமிருக்க, கலைமாறன் எறிந்த பந்தை மட்டைக்காரன் சப்பையாக நிலத்தில் உருட்டினான். குழந்தையும் பிடிக்கிற பந்து. நடுவில் நின்ற சொந்த அணிக்காரன் குனிந்தான், பந்து அவன் கால்களுக்கு நடுவால் போனது, கட்டையில் நின்ற டச்சுக்காரன் ஓடி முடித்தான். ஒன்றுக்குச் சைபர்.

பேஸ்போலில் ஒரு வழக்கம், தோல்வியை அணியின் பெயரில் மட்டும் எழுத மாட்டார்கள், எறிந்தவன் பெயரிலும் எழுதுவார்கள். ஏட்டில் 'தோற்றவர்: தம்பிராசா' என்று எழுதினார்கள். கலைமாறன் உடுப்பு மாற்றுகிற அறையில் உட்கார்ந்திருந்தபோது, பிரான்சின் தேசிய அணியின் பயிற்சியாளர் அவனைத் தேடி வந்தார்.

"அடுத்த கோடையில் எங்களுக்கு ஐரோப்பியப் போட்டி இருக்கிறது," என்றார். "எறிய ஆள் வேண்டும். நீ பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடு. விளையாட்டுக்காரன் என்று நான் கடிதம் தருகிறேன், சீக்கிரம் முடியும். இடம் உனக்குத்தான்."

சூட்கேஸைத் திறந்து தேசிய அணியின் நீலச் சட்டையை எடுத்துக் காட்டினார். முதுகுப் பக்கம் வெறுமையாக இருந்தது. கலைமாறன் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தான். அவன் அதற்கு முன்னால் ஒன்றையும் அப்படி விரும்பியதில்லை. ஒரு நாடு தன் சட்டையைக் கொடுத்து, போய் எங்களுக்காக எறி என்று சொல்வதை, சொந்த நாடு அடித்துத் துரத்திய ஒருவன் எப்படி விரும்புவான் என்று எல்லோருக்கும் விளங்காது. பேருந்தில் பாரிஸுக்குத் திரும்புகிற வழி முழுக்க, முதுகில் அப்பாவின் பெயரோடு அந்தச் சட்டை எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தான். ஒரே ஒரு ஆட்டம் போதும் என்றும் நினைத்தான்.

லா சப்பலில் வாமதேவன் தலையில் அடித்துக்கொண்டார்.

"விசரோ உமக்கு? நசனாலிட்டிக்குப் போட்டால் பழைய ஃபைலைத் தூக்கி மேசையிலை வைப்பாங்கள். அதிலை கை எழும்பாது எண்டு கிடக்கு. நீர் அதுக்கு மேலை, நான் நல்லாப் பந்தெறிவன் எண்டு கடிதம் வைக்கப் போறீர். இருக்கிற கார்த்தும் போகும். பெஞ்சாதியையும் சேத்துத் தெருவிலை விடப் போறீரே?"

"ஒரு வழியும் இல்லையே அண்ணை?"

"ஓம் இருக்கு. பேசாமல் இரும். அதுதான் வழி."

கலைமாறன் பேசாமல் இருந்தான். தேசியப் பயிற்சியாளருக்கு, தனக்கு விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினான். ழான்-லூக் உணவகத்தின் சமையலறையில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நம்ப முடியாமல் அவனைப் பார்த்தான்.

"விருப்பமில்லையா? இருபது வருடமாக நான் இந்த விளையாட்டில் இருக்கிறேன். என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் நான் முழங்காலில் தவழ்ந்து போவேன். உனக்கு விருப்பமில்லை."

"வேலை இருக்கிறது," என்றான் கலைமாறன். அவனுக்கு அந்த நேரத்தில் அதைவிட நல்ல பொய் வாயில் வரவில்லை.

"நான்தான் முட்டாள்," என்றான் ழான்-லூக். அதற்குப் பிறகு அவர்கள் ஒரே சமையலறையில் இரண்டு மாதம் வேலை செய்தும் பேசிக்கொள்ளவில்லை. கலைமாறன் உணவகத்தையும் விட்டான், கழகத்தையும் விட்டான்.

அதிலிருந்து அவன் வாடகைக் கையாக அலைந்தான். நோர்மண்டிப் பக்கம் ஒரு கழகம், பெல்ஜிய எல்லையில் ஒன்று, பாரிஸுக்குத் தெற்கே இரண்டு. எறிய ஆள் இல்லாத கழகம் கூப்பிடும், போவான், ஒரு பருவம் எறிவான், நல்ல பெயர் எடுப்பான். பெயர் வெளியே கேட்கத் தொடங்கியதும் பயம் பிடித்து, அடுத்த கழகத்துக்கு மாறிவிடுவான். குழுப்படங்களில் எல்லாம் யாரோ ஒரு நெடியவனின் தோளுக்குப் பின்னால் அவன் காது மட்டும் தெரியும். ஜேர்மனிக்குப் போன ஒரு தடவை மழை பெய்து ஒரு பந்தும் எறியாமலே வந்தான். நெதர்லாந்திலும் இத்தாலியிலும் எறிந்தான். எல்லாமாகப் பதினொரு சர்வதேச ஆட்டம், வென்றது இரண்டு. பிறந்த நாட்டிலும் ஒரு பேஸ்போல் அணி இருக்கிறதாம், அதில் சேரலாமே என்று இத்தாலியில் ஒரு வெள்ளைக்காரன் அப்பாவியாகக் கேட்டான். கலைமாறன் தன் பயணப் பத்திரத்தைத் திறந்து, இலங்கை தவிர என்ற அந்த வரியைக் காட்டினான். வெள்ளைக்காரன் காதுவரை சிவந்துபோனான்.

அதே இத்தாலியில், 2019இல், தேசிய அணிக்கு வந்திருந்த புதுப் பயிற்சியாளரும் வந்து கேட்டார். அவர் வாயைத் திறந்து முடிக்க முன்னமே கலைமாறன் இல்லை என்றான். அந்தக் கோடையில் யோன் தேசிய அணிக்குப் போனான். கலைமாறனின் பந்தைப் பிடித்துப் பிடித்தே நல்ல பிடிகாரன் ஆனவன். நீலச் சட்டையோடு நிற்கிற படத்தைக் கைபேசியில் அனுப்பி, 'நீயும் இங்கே இருந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தான். கலைமாறன் அதைச் சார்செல் போகிற ரெயினில் பார்த்தான். வாழ்த்து எழுதப் போய், எழுதாமல், கைபேசியைப் பையில் வைத்துவிட்டான். பொறாமைதான், வேறென்ன.

கோவிட் வந்து மைதானங்களைப் பூட்டியது. மீண்டும் திறந்தபோது அவனுக்கு முப்பத்துநான்கு வயது. 2021 மே மாதம், தெற்குப் பக்கக் கழகம் ஒன்றில், எறிய வேண்டியவன் வராததால், உடம்பைச் சூடாக்க நேரம் இல்லாமல் மேட்டில் ஏறினான். நான்காவது பந்தில் தோளுக்குள் ஏதோ அறுந்தது. சத்தம் அவனுக்கே கேட்டது. தசைநார் கிழிந்துவிட்டது என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்தார்கள், ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கை நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேலே வரவில்லை, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். வேலை செய்கிற இடத்துக்குக் கொடுக்க வைத்தியர் ஒரு கடிதம் தந்தார். வசந்தரூபி அதை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"'இவருக்கு வலது கையைத் தோளுக்கு மேலை தூக்க ஏலாது.' அவ்வளவுதான் எழுதியிருக்கு."

கலைமாறன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அவள் பயந்துபோனாள்.

"வாமதேவன் அண்ணை பத்து வருசத்துக்கு முன்னமே எழுதிப்போட்டார்," என்றான். "இப்பதான் கை சொல்லுக் கேட்டிருக்கு."

கை போனதோடு பயமும் போனது. இனி யார் வேண்டுமானாலும் பழைய கோப்பைத் தூக்கி மேசையில் வைக்கட்டும். கோப்பும் வைத்தியர் கடிதமும் ஒன்றையே சொல்கின்றன. குடியுரிமைக்கு விண்ணப்பம் போடலாம் என்று வசந்தரூபி சொன்னபோது அவன் தலையாட்டினான். நீலச் சட்டைக்காக இல்லை. அது முடிந்த கதை. அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். திகதி ஒன்றும் முரண்படக்கூடாது என்று, அகதி அலுவலகத்துக்கு எழுதி, 2011ஆம் ஆண்டுக் கோப்பின் பிரதி ஒன்றைக் கேட்டாள். 2022 ஒக்டோபரில் தடித்த உறை ஒன்று வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குசினி மேசையில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து அவள் வாசித்தாள். முதலில் வாமதேவனின் பந்தி. பிறகு நேர்முகத்தில் கேட்டதும் சொன்னதும். அதில் ஓர் இடத்தில் அவள் வேகம் குறைந்தது. கடைசித் தாள், அந்தப் பெண் அதிகாரி தன் மேலாளருக்கு எழுதிய குறிப்பு. அதை அவள் முதலில் மனதுக்குள் வாசித்தாள், பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

தோள்பட்டைக் காயம் பற்றிய பந்தி, இதே வசனங்களில், இந்த மாதங்களில் வந்த வேறு பல விண்ணப்பங்களிலும் இருக்கிறது. எழுதியவர் ஒருவர் என்று தெரிகிறது. ஆகவே இந்தப் பந்தியை நான் கருத்தில் எடுக்கவில்லை. விண்ணப்பதாரரிடம் அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்டேன். காயம்பட்ட பிள்ளையை இரண்டு நாள் தூக்கிக்கொண்டு நடந்ததாகவும், பிள்ளை தோளிலேயே இறந்ததாகவும், இறந்ததை அறிந்த பிறகும் இறக்கி வைக்காமல் நடந்ததாகவும் சொன்னார். எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டபோது எழுந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். தான் கையை உயர்த்தியதை அவர் கவனிக்கவில்லை. இந்தப் பகுதி முழுவதும் அவருடைய சொந்தச் சொற்கள். நம்பத்தக்கது. இதன் பேரிலேயே அகதி அந்தஸ்து வழங்கும்படி பரிந்துரைக்கிறேன்.

கலைமாறனுக்குத் தான் எழுந்து நின்றது ஞாபகம் இல்லை. ஆனால் தாளில் திகதி இருந்தது. 2011 ஜூன். அவன் வெங்காயத்தை எறிய முன்னமே, மேட்டில் ஏற முன்னமே, கழிப்பறைக்குள் ஒளிய முன்னமே, கை நல்ல கை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் கார்த் கொடுத்திருந்தார்கள். ஒளித்தது யாரிடம் இருந்து, எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, லா சப்பலுக்கு ரெயில் எடுத்தான்.

வாமதேவன் இப்போது கேஸ் எழுதுவதில்லை. வயதாகிவிட்டது. அதே புடவைக் கடையின் வாசலில் கதிரை போட்டு, போகிறவர் வருகிறவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுத் தாளை மேலிருந்து கீழே வாசித்தார். வாசித்து முடித்து நிதானமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கிடைச்சதுதானே?" என்றார். "பிறகென்ன?"

"நீங்கள் எழுதினதுக்குக் கிடைக்கேல்லை அண்ணை. நான் சொன்னதுக்குக் கிடைச்சிருக்கு."

"எதுக்குக் கிடைச்சால் என்ன ஐசே, கார்த் ஒண்டுதானே?"

"பத்து வருசம் பயந்து செத்தனான். பிரான்ஸ் ரீமுக்கு ரெண்டு தரம் கூப்பிட்டவங்கள்."

"பந்து விளையாட்டுத்தானே," என்றார் வாமதேவன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவனை ஆறுதல்படுத்துகிறோம் என்றே நினைத்தார். தேத்தண்ணீர் குடிக்கிறீரா என்றும் கேட்டார். கலைமாறனுக்கு அந்தக் கதிரையை உதைத்து விழுத்த வேண்டும் போல ஆத்திரம் வந்தது. எழுபது தாண்டிய கிழவன். ஒன்றும் செய்யாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது வசந்தரூபி அதே மேசையில்தான் இருந்தாள். தேத்தண்ணீர்க் கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. மிச்சத் தாள்கள் அவளுக்கு முன்னால் விரிந்து கிடந்தன. அழுதிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

"எட்டு வருசம் உங்களோடை இருக்கிறன்," என்றாள். "தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்ததை எனக்கு நீங்கள் சொல்லேல்லை. ஆரோ ஒரு பிரெஞ்சுப் பொம்பிளைக்குச் சொல்லியிருக்கிறீங்கள்."

"அவ கேட்டவ. மற்ற ஆக்கள், எல்லாரும் சொல்லுறதுதானே எண்டு சொன்னவை."

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"நான் இப்ப கேக்கிறன். எப்பிடித் தூக்கினீங்கள்?"

கலைமாறன் கதிரையைத் தள்ளிவிட்டு, குசினியின் நடுவில் வந்து, கால்களை அகட்டி நின்றான். "அவன்ரை கால் இந்தப் பக்கம்," என்றான். "தலை முதுகுப் பக்கம் தொங்கினது. விழாமல் இருக்க அவன்ரை சேட்டை மேலாலை பிடிச்சிருந்தனான், இப்பிடி."

வலது கை எழும்பியது. நெஞ்சுவரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு தரம் முயன்றான். அதற்கு மேலே போகவில்லை.

"இப்பிடி இல்லை," என்றான். "இன்னும் மேலை."